வாங்கும் மிசின் யாருடைய வயலை உழப்போகிறது?

"அண்ணை, லீசிங்கிலை ஒரு மிசின் எடுப்பம் எண்டு யோசிக்கிறம். எது திறம்?"

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. முன்பு கொட்டில், கிணறு, மலசலகூடம் என்று கேட்டவர்கள் இன்று உழவு இயந்திரம் பற்றிக் கேட்பது எமக்கு மகிழ்ச்சியே. காணி கைக்கு வந்துவிட்டது, அதில் நின்று கமம் செய்யும் எண்ணமும் திரும்பிவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஆனால் கேட்பவர்களில் பலர் மனதில் ஏற்கெனவே ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நாற்பத்தைந்து குதிரைவலுவுள்ள சிவப்பு நிற நாலுசில்லு மிசின், பின்னால் ஒரு பெட்டி. முதல் மிசினாக அது வேண்டாம் என்று நாம் சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை முற்றத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது எமக்குத் தெரியாததல்ல. வன்னியில் பெட்டியோடு ஒரு மிசின் நின்ற வீடு ஊரில் மதிப்புப் பெற்ற வீடு. 2008 இலும் 2009 இலும் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே போனபோது, தன் வீட்டுச் சாமானோடு அயல் வீட்டு நெல்லையும் கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றிப் போனது அந்தப் பெட்டிதான். கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் அதையும் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தவர்கள் எம்மிடையே பலர். இழந்ததை இழந்த மாதிரியே திரும்பப் பெறவேண்டும் என்ற ஆசையை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் அன்றைய மிசினைத் தாங்கிய காணியும் வருமானமும் இன்று அதேபோல இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

முதலில், ஒரு குடும்பம் சொந்தமாக மிசின் வைத்திருக்க வேண்டிய தேவைதான் என்ன? வாடகைக்குப் பிடித்து உழுவித்தால் போதாதா? கணக்கை மாத்திரம் பார்த்தால் இரண்டு, மூன்று ஏக்கர்க்காரருக்கு வாடகை உழவுதான் மலிவு. ஆனால் வாடகை மிசின் நாம் கேட்கும் நாளில் வருவதில்லை. மானாவாரி நெல்லுக்குப் புரட்டாதி, ஐப்பசியில் விழும் முதல் மழைகளோடு நிலத்தைப் புரட்டி விதைத்துவிட வேண்டும். மண் ஈரம் பிடித்து, சேறாகாமல் நிற்கும் நாட்கள் ஏறக்குறைய இரண்டு கிழமைதான். அந்த இரண்டு கிழமையில் ஊர் முழுவதற்கும் மிசின் தேவை. மிசின்காரர் முதலில் பெரிய வயலுக்குப் போவார், பிறகு ரொக்கக் காசுக்காரரிடம் போவார், அரை ஏக்கர்க்காரரிடம் கடைசியில் வருவார். அதற்குள் கார்த்திகை மழை இறங்கிவிடும். பிந்தி விதைத்த நெல் முளையிலேயே வெள்ளத்தில் நிற்கும். ஆகவே சொந்த மிசினின் பெறுமதி உழவுக் கூலியை மிச்சம் பிடிப்பதில் இல்லை. தன் வயலைத் தன் நாளில் உழுவதில் இருக்கிறது. நாம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இப்போது அந்தப் பெரிய மிசினை எடுத்துப் பாருங்கள். ஐந்து அடி அகலமான கலப்பையோடு அது ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம் போதும். மூன்று ஏக்கர் வயல்காரர் மூன்று தடவை உழுதாலும் பத்துப் பதின்மூன்று மணித்தியாலத்தில் அவருடைய வேலை முடிந்துவிடும். ஒரு போகத்துக்கு இரண்டு நாள். மீதி நாட்களில் தவணைப்பணம் கட்ட அது பிறருடைய காணியைத் தேடிப் போகவேண்டும்.

கணக்குக்காக மாதத் தவணை 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,20,000 ரூபா. டீசல், ஓட்டுபவர் கூலி, தேய்மானம் போக ஏக்கருக்கு 4,000 ரூபா கையில் மிஞ்சுகிறது என்றும் வைப்போம். அப்படியானால் தவணைக்கு மாத்திரமே வருடத்தில் 180 ஏக்கர் உழவேண்டும். விதைப்புக் காலத்தின் பதினான்கு நாளும் தினம் பத்து மணித்தியாலம், மழையும் பழுதும் இல்லாமல் ஓடினாலும் 110 ஏக்கர் அளவில்தான் முடியும். (இந்தத் தொகைகள் உதாரணத்துக்கு மாத்திரம். உங்கள் ஊர்க் கூலியையும் உங்களுக்குச் சொன்ன தவணையையும் போட்டு வீட்டில் ஒருதரம் கணக்குப் பாருங்கள்.) இந்த நெருக்கடியில் அவர் முதலில் யாருடைய வயலுக்குப் போவார்? காசு தரும் வயலுக்குத்தான். எமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் கிளிநொச்சிப் பக்கத்தில் இப்படித்தான் நாலுசில்லு மிசின் எடுத்தார். முதல் வருடம் ஊர் வயலெல்லாம் உழுதார். தன்னுடைய இரண்டரை ஏக்கரை உழ அவருக்கு நேரம் கிடைத்தபோது வரம்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. எதற்காக மிசின் வாங்கினாரோ அதுவே நடக்கவில்லை. இரண்டாம் வருடம் மூன்று தவணை தவறியதும் கம்பனிக்காரர் வந்து மிசினைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நெல்லின் பணம் மாதாமாதம் வருவதில்லை. தையிலோ மாசியிலோ ஒருமுறை வருகிறது. குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகமும் செய்பவருக்கு இன்னுமொருமுறை. தவணையோ ஒவ்வொரு மாதமும் கேட்கிறது. இடையில் நகை அடைவுக்குப் போகிறது, பிறகு நுண்கடன் வருகிறது. 2018 இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அறுவடைக்கு அறுவடை கட்டும் முறையில் எவராவது கடன் தந்தால் யோசிக்கலாம். மாதத் தவணைதான் என்றால், வேறு மாதச் சம்பளம் இல்லாத வீடு அதில் கைவைக்க வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

இன்னொன்று. பழைய ஆட்கள் "விதைப்பிலை பாதி, சூடடிப்பிலை பாதி உழைக்கலாம்" என்பார்கள். அது அந்தக் காலத்துக்குச் சரி. களத்தில் மிசினைச் சுற்றிவர ஓட்டிச் சூடடித்த வருமானத்தை இன்று அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வெட்டும் அடியும் தூற்றலும் ஒரே நடையில் முடிகின்றன. சூடடிப்பை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

ஆகவே மூன்று, நான்கு ஏக்கருக்கு உட்பட்ட குடும்பத்துக்கு நாம் சொல்வது இருசில்லு மிசின். எந்த நாட்டில் செய்ததாயினும் எமது ஊர்களில் அதற்கு "லான்ட்மாஸ்டர்" என்றே பெயர். 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்த அந்த மிசினை வடிவமைத்தவர் எமது நாட்டவரான ரே விஜேவர்த்தன. 2010 இல் காலமான அவர், பிற்காலத்தில் தாம் செய்தது எருமையை இயந்திரமாக்கியது மாத்திரமே, கமத்தை அல்ல என்று தம்மையே விமர்சித்து, மண்ணைக் குறைவாகக் கிளறும் முறைகளைப் பற்றிப் பேசி வந்தார். செய்தவரே அப்படிச் சொன்னார் என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மிசின் வந்துவிட்டது என்பதற்காக மூன்று தடவை போதுமான நிலத்தை ஐந்து தடவை உழத் தேவையில்லை.

இருசில்லு மிசின் ஒடுங்கிய ஒழுங்கையால் போகும், படலைக்குள் நுழையும், சிறிய வயலில் வரம்பை உடைக்காமல் திரும்பும். இரும்புச் சில்லுப் பூட்டினால் சேற்றில் இறங்கும். பெட்டி பூட்டினால் எருவும் வெங்காயமும் விறகும் ஏற்றலாம். உழவு இல்லாத மாதங்களில் உழைத்துத் தருவது அந்தப் பெட்டிதான். வாங்கும்போது மிசினையும் கலப்பையையும் மாத்திரம் வாங்கிவிட்டு "பெட்டியைப் பிறகு பார்ப்போம்" என்பவர்கள் பிறகு பார்ப்பதேயில்லை. டீசலும் வேலையின் கடுமையைப் பொறுத்து மணித்தியாலத்துக்கு ஒன்று தொடக்கம் இரண்டு லீற்றரே செல்லும். 2021 ஜூனில் 111 ரூபா விற்ற ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவுக்கு வந்தது. அந்த விலைக்கும் கிடைக்காமல் கானோடு வரிசையில் நின்றோம். 1990இன் பிறகு எரிபொருள் தடையில் யாழ்ப்பாணத்து மிசின்கள் கொட்டிலில் நிற்க, மாடுகள் மறுபடியும் நுகத்துக்கு வந்ததைக் கண்டவர்கள் நாம். உழவு மாடு ஒரு சோடி வைத்திருப்பவர், மிசின் வந்த அன்றே அவற்றை விற்றுவிட வேண்டாம்.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. அதன் பின்னால் நடக்கவேண்டும். அறுபது சென்ரிமீற்றர் அகலம் உழும் கலப்பையோடு ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுவதற்கு ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நடை. மூன்று தடவைக்கு இருபது கிலோமீற்றர், அதுவும் சேற்றில், கைபிடியை அழுத்திக்கொண்டு. முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை வரம்பு முனையில் திருப்பவேண்டும். போரில் காலோ கையோ காயப்பட்டவர், வயதானவர், தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இருக்கும் வீட்டில் இதை ஓட்டப்போவது யார் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். கைபிடி சுழற்றி ஸ்ராட் செய்யும் மிசின் பலருக்குச் சரிவராது; பற்றரியில் ஸ்ராட் செய்வதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குக் கணவரோ அண்ணனோ மாத்திரம் போய் வாங்கிவர, பிறகு வீட்டில் நிற்கும் அக்காவால் அதை அசைக்கவும் முடியாமல் இருந்ததைக் கண்டிருக்கிறோம். ஓட்டப்போகிறவர் யாரோ அவர் கடை முற்றத்திலேயே ஸ்ராட் செய்து, திருப்பி, பின்னெடுத்துப் பார்க்கட்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவில் யப்பானிலிருந்து பாவித்து வரும் இருபது, இருபத்தைந்து குதிரைவலுச் சிறிய நாலுசில்லு மிசின்கள் இருக்கின்றன. இருந்து ஓட்டலாம், அளவான உடம்பு, தோட்டத்துக்கு நல்லது. நடக்க முடியாதவர்களுக்கு இதுவே பொருத்தம் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவற்றில் பல அந்த நாட்டு உள்ளூர்ச் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை. எழுத்தெல்லாம் யப்பான் மொழி. சில மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் எடுப்பது பெரும்பாடு. வாங்குமுன் உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கராஜுக்குப் போய், "இந்த மாதிரிக்கு கிளச் தட்டும் பில்ரரும் எங்கை எடுக்கலாம்? நீங்கள் கழற்றிப் பூட்டியிருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் அந்த மிசின் உங்களுக்கல்ல.

நீண்டகாலம் பாழாய்க் கிடந்து பற்றை மூடிய காணியில் முதல் உடைப்பு உழவுக்கு இருசில்லு மிசின் போதாது. அதற்கு மாத்திரம் பெரிய மிசினைத் தட்டுக் கலப்பையோடு கோடையில் வாடகைக்குப் பிடியுங்கள். விதைப்புக் காலம் அல்லாததால் கேட்டபடி வரும். 2010 இல் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 நாலுசில்லு மிசின்களை வழங்கியது. அவை கமநல சேவை நிலையங்கள், கமக்காரர் அமைப்புக்கள் ஊடாகப் பாவனைக்கு விடப்பட்டன. உங்கள் அமைப்பிடம் ஓடும் மிசின் எதாவது இருந்தால் அதை முதலில் கேளுங்கள். பொது மிசின் ஒன்று சிறிய ரப்பர் வளையம் ஒன்றுக்காக ஒரு போகம் முழுவதும் மரநிழலில் நின்றதையும் நாம் கண்டோம். இலாபத்தை எவரும் கேட்காத மிசினின் ஒயிலையும் எவரும் பார்ப்பதில்லை போலும்.

உடைப்பு உழவுக்கு முன் இன்னொரு விடயம். முகமாலைபோல் கண்ணிவெடி செறிந்து கிடந்த இடங்களில் மாத்திரமல்ல, போர் நடந்த எந்தப் பக்கத்திலும் காணி துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்டதா, எவ்வளவு ஆழத்துக்குப் பார்க்கப்பட்டது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்வெட்டி தொடாத ஆழத்தைத் தட்டுக் கலப்பை தொடும். எதாவது உலோகப் பொருள் மேலே வந்தால் இறங்கிப் பார்க்கவேண்டாம், தூக்கவும் வேண்டாம். மிசினை நிறுத்தி, வந்த தடத்தாலேயே வெளியேறி அறிவியுங்கள். வாடகை மிசின் உங்கள் காணிக்குள் இறங்குமுன் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணைக் கழுவச் சொல்லுங்கள். பார்த்தீனியம் விதை இப்படித்தான் வயலுக்கு வயல் பிரயாணம் செய்கிறது.

தனியே ஒரு இருசில்லு மிசினும் எட்டாது என்றால் இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கலாம். உறவென்று வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். முதல் மழைக்கு யாருடைய வயல் முதலில் என்பதை வருடாவருடம் மாற்றிக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான், காசில் அல்ல. டீசல் அவரவர் செலவு. ஓடிய மணித்தியாலத்துக்கு ஏற்பத் திருத்த வேலைக்கென ஒரு சிறு தொகை உண்டியலுக்குப் போகட்டும். பதிவு ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால், அவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். மூன்று குடும்பத்துக்கு மேல் சேரவேண்டாம். ஐந்து குடும்பமானால் கடைசிக் குடும்பம் மறுபடியும் வாடகை மிசினுக்குக் காத்திருந்த நிலைக்கே வந்துவிடும்.

பாவித்த மிசின் வாங்குபவர், விற்பவர் வீட்டுக்குச் சொல்லாமல் காலையில் போவது நல்லது. எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் உங்களுக்காக முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதுதான் அதன் உண்மையான வயது. ஓடும்போது நீலப் புகை விடாமல் வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சின் இலக்கத்தையும் சாசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று பொருள். "ஓப்பன் பேப்பர்" வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பவரிடம் வாங்காதீர்கள். எல்லாம் விட்டுவிட்டு ஓடிய எமக்கு, ஒரு பொருள் எமதென்று நிரூபிக்கக் கடதாசி எவ்வளவு வேண்டுமென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வாங்கிய பின் இரண்டு விடயம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறியது. அதை எஞ்சின் தொட்டியில் ஊற்றி ஊற்றி உள்ளே காவி படிந்தால் எஞ்சின் சூடேறும். மழைத் தண்ணீரை ஒரு பரலில் பிடித்து மிசினுக்கென்று வைத்திருங்கள். செம்மண் தூசியில் ஓடுபவர் காற்று வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவவேண்டும்.

மற்றது ஓட்டம். பெட்டியோடு வீதிக்கு எடுப்பவருக்கு இருசில்லு மிசினுக்கான ஜீ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெட்டியின் பின்பக்கம் இரவில் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடும் வேண்டும். சுழல் கலப்பை சுற்றிக்கொண்டிருக்கும்போது மிசினைப் பின்னெடுக்கவே கூடாது. அது ஓட்டுபவரின் கால்மேல் ஏறும். சமநிலத்தில் இடதுகைக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும் அதே மிசின், பாரம் ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டுச் சரிவில் இறங்கும்போது வலப்பக்கம் திரும்பும். பெட்டி பின்னால் தள்ளுவதால் வரும் மாற்றம் இது. இது தெரியாமல் குளக்கட்டிலிருந்து உருண்டவர்கள் உண்டு. சரிவில் கிளச்சைத் தொடாமல், சிறிய கியரில், கைபிடியாலேயே திருப்பி இறங்குங்கள்.

விலை பேசுவதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. அறுவடைக் காசு கையில் இருக்கும், விற்பவருக்கோ அவசரம் இருக்கும். புரட்டாதியில் போனால் கடையில் நிற்பதைத்தான் வாங்கவேண்டிவரும். பங்குனியில் வாங்கினால் கோடை முழுவதும் எரு ஏற்றி, சிறு தோட்டம் உழுது கைபழகலாம். முதல் மழை விழும் அன்று மிசின் எந்தப் பக்கம் திரும்பும் என்று பழகிக்கொண்டிருக்க நேரம் இராது.